ரவைக்கூட்டின் அடியில் இருக்கும் எழுத்து

மட்டக்களப்பு, கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ துருப்பிடித்த ரவையொன்று மண்ணோடு மேலே வந்தால் யாரும் வியப்பதில்லை. பழைய இரும்பென்று எறிந்துவிடுகிறோம். எறியக்கூடாது. அது ஒரு சாட்சி. சிலவேளை இன்னும் வெடிக்கக்கூடிய சாட்சி.

கூடு, அதன் அடியில் பொறி கக்கும் சிறு மூடி, உள்ளே மருந்து, முனையில் சன்னம். இவ்வளவுதான் ஒரு ரவை. துவக்கின் ஊசி மூடியில் அடித்ததும் மருந்து எரிந்து, அந்த வாயு சன்னத்தைக் குழல் வழியே தள்ளுகிறது. வெறுங்கூடு சுட்டவரின் அருகில் விழுகிறது. சன்னம் சுடப்பட்டவரிடம் போய்ச் சேர்கிறது. எனவே எது எங்கே கிடந்தது என்பதற்கே பெறுமதி உண்டு.

இங்கே அதிகம் சிந்தியது 7.62×39 மில்லிமீற்றர் ரவை. முதல் எண் துவக்குக் குழலின் அளவு, அடுத்தது கூட்டின் நீளம். சோவியத் ஒன்றியம் 1943இல் வடிவமைத்த இதைத்தான் சீனத்து ரி-56 துவக்கு சுடும். போரில் இராணுவத்திடமும் அதுவே, விடுதலைப் புலிகள் இயக்கத்திடமும் அதுவே. 51 மில்லிமீற்றர் நீளக் கூடென்றால் எஸ்.எல்.ஆர். துவக்கை நினைக்கலாம்: எண்பதுகளில் இலங்கை இராணுவமும், 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையும் சுமந்தது. மெலிந்த 5.56×45 எம்-16க்குரியது; ஏறத்தாழ 4 கிராம் சன்னம், விநாடிக்கு 900 மீற்றருக்கு மேல் பாயும். ரி-56இன் சன்னம் 8 கிராமளவு, வேகம் 700 மீற்றரளவு. அடிவிளிம்பு புடைத்திருந்தால் அது பிரித்தானியர் விட்டுச்சென்ற 303 ரவையாக இருக்கலாம்.

உடலுக்குள் விரிந்து கிழிக்கும் சன்னத்தை அந்த 303க்காகக் கல்கத்தா அருகே டம்டம் ஆலையில் செய்தார்கள். விரியும் சன்னங்களை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. முழு உலோக உறையிட்ட சன்னம் இரக்கமுள்ளது என்று இதற்குப் பொருளில்லை. 5.56 சன்னம் உடலுக்குள் புரண்டு, உடைந்து சிதறக்கூடியது.

முனையின் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. சோவியத், சீன முறையில் பச்சை முனை என்றால் பறக்கும் வழியெல்லாம் ஒளிரும் ரவை. 5.56இல் அதே பச்சை, உள்ளே உருக்குத் துண்டு பொதிந்த வழக்கமான சன்னத்தைக் குறிக்கும்.

அதைவிட நம்பகமானது கூட்டின் அடித்தட்டு. சீனக் கூடுகளில் பெரும்பாலும் ஆலையின் எண்ணும் தயாரித்த ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் பொறித்திருக்கும். ‘87’ என்று ஆண்டு இருந்தால் அந்தச் சூடு 1987க்கு முன் நடந்திருக்க வழியில்லை; பின்னர் எந்த ஆண்டிலும் நடந்திருக்கலாம். 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலை, 1990இல் காத்தான்குடியும் சத்துருக்கொண்டானும் என்று படுகொலைகளைச் சுமந்த கரைகள் இவை. புதைகுழி திறக்கப்படும் நாளில் அந்த இரு இலக்கங்களுக்கு நீதிமன்றத்தில் எடை உண்டு. யார் சுட்டார் என்பதை ரி-56 ரவையின் அளவு சொல்லாது. ஆனால் ஊசி பதித்த குழியையும் கூட்டில் விழுந்த கீறல்களையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டு, இரண்டு கூடுகள் ஒரே துவக்கிலிருந்து வந்தவையா என்று நிபுணர்கள் ஆராய முடியும். தேய்த்துத் துடைத்த கூட்டில் அந்தத் தடயம் அழிந்துபோகும்.

சன்னம் முனையிலேயே இருந்தால் ரவை வெடிக்கக்கூடும். அடியில் ஊசிக்குழி தெரிந்தாலும், அன்று வெடிக்கத் தவறியதாக இருக்கலாம். தட்டாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். சற்றுத் தள்ளி அடையாளமிட்டு, பொலிஸுக்கு 119இல் அறிவியுங்கள். எலும்பும் சேர்ந்து வந்தால் மண்வெட்டியை அந்தக் கணமே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு தோண்டுவது நீதவானின் உத்தரவில் நடக்க வேண்டியது.