எண்ணெய் வயலில் தண்ணீர் லாரி

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாறு போகிற வழியில் இருக்கிறது இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று இலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். லாரிக்காரர்களுக்கு அது தேசிய நெடுஞ்சாலை 44-இல் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகிற ஊர். மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பி உட்கார முடியாத இந்தக் கரிசல் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கப் போனவர்களுக்குக் குறைவில்லை. தீப்பெட்டி லோடில் கிளீனராக ஏறி, வடநாட்டுச் சாலைகளைப் பார்த்து, ஹெவி லைசென்ஸ் எடுத்து, பிறகு வளைகுடாவுக்கு விசா தேடுவது தென்மாவட்டங்களுக்குப் பழகிய வழி. அந்த விசா எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு என்றால் வீட்டில் மதிப்பே தனி.

அங்கே போகும் டிரைவர் எதை ஏற்றுகிறார்? பெரும்பாலும் எண்ணெயை அல்ல.

குவைத்தின் புர்கான் வயல் 1938-இலும், சவூதியின் கவார் வயல் 1948-இலும் கண்டுபிடிக்கப்பட்டவை. இவ்வளவு பெரிய வயல்களில் கச்சா எண்ணெய் குழாய் வழியாகவே துறைமுகத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் போய்விடும். லாரிக்கு மிஞ்சுவது மற்ற எல்லாம்: கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாய், சிமென்ட், ஜெனரேட்டருக்கு டீசல், முகாமுக்கு அரிசியும் குடிதண்ணீரும், திரும்பி வரும்போது அதே முகாமின் கழிவுநீர். துளை போடும் இடத்துக்குத் தண்ணீர் ஓயாமல் வேண்டும். அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் கிணறு ஒன்றுக்கே தண்ணீரும் மணலும் கொண்டுவர நூற்றுக்கணக்கான லாரி நடைகள் ஆகும்.

இன்னொரு முக்கியமான லோடு பேரைட் பொடி. பூமிக்குள்ளிருந்து வாயுவும் எண்ணெயும் சீறி மேலே வந்துவிடாமல் இருக்க, துளைக்குள் கனமான சேற்றுக் கரைசலை நிரப்பி அழுத்தி வைப்பார்கள். அந்தக் கனத்தைத் தருவது தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல் எடையுள்ள இந்தக் கனிமம். உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று நம் பக்கத்து ஆந்திரத்தில், கடப்பைப் பகுதியின் மங்கம்பேட்டையில் இருக்கிறது. வளைகுடாவில் பேரைட் மூட்டை ஏற்றும் தமிழ் டிரைவர், அது தன் ஊருக்கு ஒரு ராத்திரி ஓட்டத் தொலைவில் வெட்டியெடுத்த கல்லாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாவற்றிலும் கடினமான வேலை, துளை போடும் அமைப்பான ரிக்கை இடம் மாற்றுவது. ஒரு கிணறு முடிந்ததும் துளைக்கோபுரம், பம்புகள், தொட்டிகள், ஆட்கள் தங்கும் பெட்டி வீடுகள் அனைத்தையும் பிரித்து, பல டஜன் லோடாக அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரிக் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு நஷ்டம் என்பதால் அந்த அவசரம் முழுவதும் டிரைவர் தலையில் விழும். பாதையோ தார் போடாத மணல். கடலோரப் பாலையில் 'சப்கா' என்ற உப்புத் தரை வேறு உண்டு. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். அடியில் உப்புநீரில் ஊறிய சேறு. ஐப்பசி மழைக்குப் பின் கரிசல் காட்டுக்குள் லாரியை விட்டுப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, டயர் எப்படி இறங்குமோ அப்படித்தான் இறங்கும்.

வெயிலைப் பற்றி ஒரே ஒரு கணக்குப் போதும். 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானதை உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் வயல் ஆபத்து என்றதும் நம் மனதில் வருவது தீ. 1991-இல் குவைத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்ட கிணறுகள் எரிந்த படங்களைப் பார்த்த தலைமுறைக்கு அது இயல்பு. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்க எண்ணெய், எரிவாயு வயல்களில் 2003 முதல் 2013 வரை 1,189 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேரைக் கொண்டுபோனது போக்குவரத்து. நீண்ட ஷிப்ட், ஆளில்லாத நேர்சாலை, தூக்கம். கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை எண்ணெய் வயல் டிரைவர்கள் சிலரின் வேலை நேரத்தில் சேர்க்க வேண்டாம் என்று அந்த நாட்டு விதியே சலுகை தருகிறது. சலுகை முதலாளிக்கு, கண் அசருவது டிரைவருக்கு!

ஓமானின் பெட்ரோலியம் டெவலப்மென்ட் நிறுவனம் இதற்கு எடுத்த வழி பாராட்டத்தக்கது. வண்டியில் வேகத்தையும் திடீர் பிரேக்கையும் பதிவுசெய்யும் கருவி இருக்கும். புறப்படுமுன் எந்த வழி, எங்கே ஓய்வு, எப்போது போய்ச் சேருவது என்று பயணத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் டிரைவர்கள் ஆரம்பத்தில் அலுத்துக்கொள்ளும் விஷயங்கள்தான் இவை.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து நிற்பவர் சரிந்து விழுவார். டேங்கர் டிரைவர் தொட்டியின் மூடியைத் திறந்து அளவு பார்ப்பதும் சாதாரண வேலை இல்லை. அங்கிருந்து எழும் எரிவாயுவை முகர்ந்தே 2010-க்கும் 2014-க்கும் இடையில் அமெரிக்காவில் ஒன்பது பேர் இறந்ததாக அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்தன.

இதெல்லாம் கடல் கடந்த கதை மட்டுமல்ல. காவிரிப் படுகையில் 1964-இலேயே காரைக்காலில் முதல் ஆழ்துளை போடப்பட்டது. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் என்று வயல்கள் வந்தன. 1993-இல் நாகப்பட்டினம் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. குழாய் போய்ச் சேராத கிணறுகளிலிருந்து கச்சா எண்ணெயை டேங்கர் லாரிதான் கொண்டுவர வேண்டும், அதுவும் நெல் வயல்களுக்கு நடுவே போகும் ஒடுக்கமான கிராமச் சாலையில். 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய்க் கசிவால் போராட்டம் வலுத்தது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது. பழைய கிணறுகள் இயங்குகின்றன.

ஆபத்தான சரக்கு ஓட்ட நம் நாட்டில் லைசென்ஸில் தனி ஒப்புதல் வேண்டும். அதற்குப் பயிற்சி உண்டு. டேங்கரின் பின்னால் 1203 என்று எழுதியிருந்தால் பெட்ரோல், 1202 என்றால் டீசல், 1267 என்றால் கச்சா எண்ணெய். இந்தப் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காமல் கற்றுக்கொண்டு போகிறவருக்கு வளைகுடாவில் பாதி வேலை சுலபம்.

மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது. 2004 ஜூலையில் குவைத் கம்பெனி ஒன்றுக்கு ஓட்டிய ஏழு லாரி டிரைவர்களை ஈராக்கில் ஆயுதக் கும்பல் கடத்தியது. மூன்று பேர் இந்தியர்கள். செப்டம்பர் 1 அன்றுதான் விடுதலை ஆனார்கள். வேலைக்குச் சேர்ந்த நாடு ஒன்று, வண்டி போன நாடு வேறு.

ஆகவே கிளம்புமுன் ஒப்பந்தத்தில் நாடு, வேலை, வண்டி, சம்பளம் நான்கும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போகாதீர்கள். ஏஜென்ட் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று தேடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அதோடு எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் தரும். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள்.