போன கரண்ட் திரும்பி வரும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுகிறோம். எதற்காகக் கட்டுகிறோம்? கரண்டுக்கு என்பீர்கள். ஆனால் மீட்டர் வழியாக ஒரு கம்பியில் வீட்டுக்குள் நுழைகிற மின்னோட்டம் எவ்வளவோ, அதே அளவு இன்னொரு கம்பியில் அதே நொடியில் வெளியேறிவிடுகிறது. மிக்சி ஓடியபோதும் ஹீட்டரில் தண்ணீர் கொதித்தபோதும் ஒரு எலக்ட்ரானைக்கூட நாம் தின்று தீர்க்கவில்லை. போனதெல்லாம் திரும்பிவிட்டது என்றால், பில் எதற்கு?

முதலில் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மின் நிலையத்திலிருந்து கிளம்பி வருகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் செப்புக் கம்பிக்குள் அது பிறவியிலேயே இருக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் இடம்விட்டு இடம் நகரக்கூடிய எலக்ட்ரான்கள் எட்டுக்குப் பின்னால் 19 சுழியம் போடும் அளவுக்கு உண்டு. அவ்வளவு கூட்டம் இருப்பதால், ஒரு ஆம்பியர் மின்னோட்டத்துக்கு அவை வேகமாக ஓட வேண்டியதே இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியில் பேட்டரியை வைத்து ஒரு ஆம்பியர் செலுத்தினால், எலக்ட்ரான் ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒரு நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 முறை திசை மாறுகிறது. அதே ஒரு ஆம்பியருக்கு எலக்ட்ரான் முன்னும் பின்னும் அசைகிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வீட்டு ஒயரிங்கில் உள்ள எலக்ட்ரான்களை மின்னோட்டம் எங்கும் கொண்டுபோவதில்லை, முன்னும் பின்னும் அசைக்க மட்டுமே செய்கிறது.

அப்படியானால் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எப்படி உடனே எரிகிறது? சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்த கணமே பின்சக்கரம் திரும்புகிறது. மிதித்த இடத்துக் கண்ணி பின்சக்கரத்தைச் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, ஏனென்றால் செயின் முழுதும் ஒன்றாக நகர்கிறது. கண்ணிகள் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, சுற்றிச் சுற்றித் திரும்பி வருகின்றன. காலிலிருந்து சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது ஆற்றல் மட்டும்தான். செயின் அறுந்தால் மிதித்துப் பயனில்லை என்பதுபோல, கம்பி எங்கே விட்டுப்போனாலும் மின்னோட்டம் நின்றுவிடும். சுற்று முழுமையாக இருக்க வேண்டும். சுவிட்ச் என்பது வேண்டும்போது அறுக்கவும் சேர்க்கவும் ஒரு வழி, அவ்வளவே.

நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பது ஆம்பியர். அதை எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறோம் என்பது வோல்ட். இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது நொடிக்கு எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்பது. மோட்டார் உள்ள கருவிகளில் இந்தக் கணக்கில் சிறு திருத்தம் உண்டு, இங்கே அது வேண்டாம். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்இடி பல்பை 111 மணி நேரம் எரிக்க ஆகும் ஆற்றலை 1500 வாட் ஹீட்டர் 40 நிமிடத்தில் முடித்துவிடும். நாம் பணம் கொடுப்பது இந்த ஆற்றலுக்குத்தான்.

இனி மின்தடை. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் சொன்ன விதி எளிமையானது: வோல்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர். எளிமையானதுதான், ஆனால் இதில் எல்லாரும் தடுமாறுகிற ஓரிடம் உண்டு. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் பழைய 60 வாட் குண்டு பல்பையும் எடுத்துக்கொள்வோம். எதற்குத் தடை அதிகம்? அதிகம் சுடுவது இஸ்திரிப் பெட்டி, எனவே அதற்குத்தான் தடையும் அதிகம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தலைகீழ். 230 வோல்ட்டில் இஸ்திரிப் பெட்டி எடுப்பது 4.3 ஆம்பியர், தடை சுமார் 53 ஓம். பல்பு எடுப்பது கால் ஆம்பியர், எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். தடை குறைந்ததே அதிக ஆற்றலை எடுக்கிறது.

அப்படியென்றால் லூசான பிளக் மட்டும் ஏன் சூடாகிக் கருகுகிறது? நல்ல தொடர்பில் தடை மிகக் குறைவு, லூசானால் தடை கூடுகிறது, கூடியதால்தானே சூடு? ஆம், அதுவும் சரிதான். இரண்டு நிலைமைகளிலும் எது மாறாமல் இருக்கிறது என்று கேட்டால் குழப்பம் தீரும். இஸ்திரிப் பெட்டிக்கும் பல்புக்கும் மாறாமல் கிடைப்பது 230 வோல்ட். அங்கே தடை குறைந்தால் மின்னோட்டம் கூடி வெப்பமும் கூடும். பிளக்கின் நிலை வேறு. ஹீட்டர் இழுக்கும் ஆறரை ஆம்பியர் அந்தப் பிளக் வழியாகத்தான் போயாக வேண்டும். மின்னோட்டம் அங்கே ஏறக்குறைய மாறாதது, எனவே எந்த இடத்தில் தடை அதிகமோ அந்த இடம் சுடும். மின்னோட்டத்தை மின்னோட்டத்தாலேயே பெருக்கி அதோடு தடையையும் பெருக்கினால் வெப்பத்தின் அளவு வரும். 1840 வாக்கில் இங்கிலாந்தில் ஜூல் அளந்து காட்டிய விதி இது. லூஸ் தொடர்பின் தடை அரை ஓம் என்றாலே அங்கே 21 வாட் வெப்பம் பிறக்கும். பிளாஸ்டிக் உருக அது போதும். கைவைத்துப் பார்த்துச் சுடும் பிளக்கை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, கருவிகளை இணைக்கும் விதம். திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் செட்டில் 6 வோல்ட் குட்டி பல்புகள் நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். 230 வோல்ட் அத்தனைக்கும் பங்காகிவிடும். ஒன்று ஃபியூஸ் போனால் சுற்றே அறுந்து வரிசை முழுதும் அணையும். வீட்டு ஒயரிங் இதற்கு நேர்மாறு: ஒவ்வொரு கருவியும் அதே இரு கம்பிகளுக்கு நடுவே தனித்தனிப் பாலமாக நிற்கிறது. எது அணைந்தாலும் மற்றது ஓடும். ஆனால் பாலம் கூடக்கூட மின்னோட்டம் கூடும். 2000 வாட் கீசருக்கு 8.7, இண்டக்ஷன் அடுப்புக்கு 6.5, இஸ்திரிக்கு 4.3 ஆம்பியர் என்று ஒரே லைனில் கூட்டினால் 19ஐத் தாண்டும். அளவு மீறினால் தானே லைனை அறுக்கும் 16 ஆம்பியர் எம்சிபி ட்ரிப் ஆவது அதன் கடமை. அடிக்கடி போகிறதே என்று ஃபியூஸ் கட்டையில் கனமான செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள், உருக வேண்டிய இடத்தைச் சுவருக்குள் மாற்றி வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் காந்தம் வரவில்லை. 1820 வரை உலகத்திலும் அப்படித்தான், மின்சாரம் வேறு, காந்தம் வேறு. அந்த ஆண்டு கோபன்ஹேகனில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாய்ந்த கம்பிக்கு அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். மின்னோட்டம் உள்ள கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. கம்பியைச் சுருளாக்கினால் புலம் சேர்ந்து வலுக்கும், நடுவே இரும்பை வைத்தால் இன்னும் வலுக்கும். காலிங் பெல்லும் மோட்டாரும் இதன் பிள்ளைகள்.

மின்சாரத்தால் காந்தம் வரும் என்றால், காந்தத்தால் மின்சாரம் வர வேண்டுமே? லண்டனில் ஃபாரடே இதைத் துரத்தினார். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர், முறையான படிப்பு குறைவு. 1831 ஆகஸ்டில் ஒரு இரும்பு வளையத்தின் இரு பக்கமும் இரண்டு சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் பேட்டரி, மற்றொன்றில் மின்னோட்டம் காட்டும் முள். பேட்டரி இணைந்திருந்த நேரம் முழுதும் முள் அசையவில்லை. இணைத்த கணத்தில் ஒரு துள்ளல், பிரித்த கணத்தில் எதிர்த்திசையில் ஒரு துள்ளல். காந்தம் சும்மா இருந்தால் எதுவும் பிறக்காது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அந்தத் துள்ளல் சொன்னது. என்னைக் கேட்டால், ஒரு சாதனத்துக்கு மட்டும் கோயில் கட்டலாம் என்றால் அந்த வளையத்துக்குக் கட்டலாம். 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையமும் நெய்வேலி அனல் மின் நிலையமும் ஆரல்வாய்மொழிக் காற்றாலையும் செய்வது அதே வேலை: சுருளுக்கு அருகே காந்தத்தைச் சுழற்றுவது. நீராவி, தண்ணீர், காற்று எல்லாம் சுழற்றுவதற்கான கைகள். சூரியத் தகடு மட்டும் வேறு வழி.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருப்பதும் ஃபாரடே வளையத்தின் பெரிய வடிவமே. 11,000 வோல்ட் உள்ளே வருகிறது, 433 வோல்ட் மூன்று ஃபேஸாக வெளியே போகிறது. ஒரு ஃபேஸுக்கும் திரும்பும் கம்பியான நியூட்ரலுக்கும் நடுவே எடுத்தால் 250. வழியில் கம்பித் தடையில் கொஞ்சம் குறைந்து 230 அளவில் வீட்டுக்கு வரும். தெருக்கோடி வீட்டில் லோ வோல்டேஜ் தொல்லை அதனால்தான்.

ஆரம்பத்திலேயே 230 வோல்ட்டாக அனுப்பினால் என்ன? 100 கிலோவாட் ஒரு ஊருக்குப் போக வேண்டும், கம்பியின் மொத்தத் தடை ஒரே ஒரு ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 435 ஆம்பியர் ஓட வேண்டும். ஜூல் விதிப்படி இழப்பு 189 கிலோவாட். அனுப்புவதைவிட இழப்பு பெரிது, அதாவது அனுப்பவே முடியாது. அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 9.1 ஆம்பியர் போதும். இழப்பு 83 வாட், ஒரு மின்விசிறி அளவு. மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தைத்தான் டிரான்ஸ்ஃபார்மரால் ஏற்றி இறக்க முடியும் என்பதால்தான் உலகமெங்கும் வீட்டுக்கு மாறுமின்னோட்டம் வந்தது.

தலைக்கு மேலே சுற்றும் சாதாரண ஃபேனில் ஓர்ஸ்டெட்டும் ஃபாரடேயும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். சுற்றுகிற பாகத்துக்கு எந்த ஒயரும் போவதில்லை. நடுவில் அசையாமல் இருக்கும் சுருள்கள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, சுற்றும் பாகத்திலுள்ள அலுமினியத் தண்டுகளில் மின்னோட்டம் தானே பிறக்கிறது. அதனால் அதுவும் காந்தமாகி, புலத்தைத் துரத்துகிறது. ஆனால் ஒரே ஒரு சுருள் தொகுதி இருந்தால் புலம் முன்னும் பின்னும் மாறுமே தவிரச் சுழலாது. இன்னொரு தொகுதி வைத்து, அதில் மின்னோட்டத்தின் நேரத்தைச் சற்றே தள்ளிவைக்கிறது கண்டன்சர். இரண்டும் முன்பின்னாக வலுப்பதால் புலம் சுழல்கிறது. ஃபேன் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்று, கையால் தள்ளினால் மட்டும் சுற்றினால், பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும்.

கடைசியாக ஷாக். ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்த காகத்துக்கு ஒன்றும் ஆகாது, இரு காலிலும் ஒரே வோல்ட், தள்ளுவதற்கு வித்தியாசம் இல்லை. நாமும் ஒரு ஃபேஸைத்தானே தொடுகிறோம், நமக்கு மட்டும் ஏன்? டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலைப் பூமியோடு இணைத்திருக்கிறார்கள். நாம் நிற்கும் தரையும் திரும்பிப் போகும் வழியாகிவிடுகிறது, சுற்றை நம் உடம்பு முடித்துவைக்கிறது. ஈரக் கையின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கினால் 0.23 ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இதில் சிறு பங்கே போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அது காப்பது கம்பியை, மனிதரை அல்ல.

கருவியின் உலோக உடலில் ஃபேஸ் பட்டுவிட்டால் காப்பாற்ற எர்த் கம்பி இருக்கிறது. எர்த் நன்றாக இருந்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து எம்சிபி விழும். கோடையில் மண் காய்ந்து எர்த் தடை 20 ஓம் ஆகியிருந்தால் பாய்வது பதினொன்றரை ஆம்பியர்தான், எம்சிபி விழாது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது இதற்காக.

மனிதரைக் காக்கவென்றே உள்ள ஆர்சிசிபி வேறு ஜாதி. வெளியே போகும் ஃபேஸும் திரும்பும் நியூட்ரலும் சேர்ந்தே ஒரு வளையம் வழியாகச் செல்கின்றன. போனது அத்தனையும் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யார் உடம்பு வழியாகவோ கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். மிஞ்சிய புலம் அந்த வளையத்தில் சுற்றிய மூன்றாவது கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்க, நொடியின் சிறு பகுதிக்குள் லைன் அறுந்துவிடும். வீடுகளுக்குரியது 30 மில்லிஆம்பியரிலேயே விழும். ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது, ஏனென்றால் போனது முழுதும் திரும்பிவிடுகிறதே. அதன் முகப்பில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.