தொற்றுக் காலத்தில் ஏழுமலை ஏறலாமா?

கொரோனாவால் 2020 மார்ச் 20 அன்று திருமலையில் பக்தர்களுக்கான தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் 11-இல் பொதுமக்களுக்கு மீண்டும் தொடங்கியபோது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,000 பேருக்கே அனுமதி. அப்போது பலர் கேட்ட கேள்வி, இன்னொரு தொற்று வந்தாலும் எழும்: காலையில் நடந்து ஏறி, மாலைக்குள் வீடு திரும்புவது பாதுகாப்பானதா?

எந்தப் பாதை, எவ்வளவு ஏற்றம்?

அலிபிரி பாதையில் சுமார் 3,550 படிகள். சீனிவாச மங்காபுரம் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள். தூரம் குறைவு, ஏற்றம் கடுமை. எதில் போனாலும் பல நூறு மீட்டர் உயர வேண்டும்.

தொற்று எங்கே பரவும்?

திறந்தவெளியில் நோயாளியின் மூச்சுக்காற்று சீக்கிரம் கலைந்துவிடும். அதனால் ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் நடப்பதில் ஆபத்து குறைவு. ஆனால், நடப்பவர் நின்றுவிடும் இடங்களைக் கவனிக்க வேண்டும். அலிபிரி பாதையில் மோகாள்ள பர்வதம் என்கிற செங்குத்தான ஏற்றத்தில் எவருக்கும் மூச்சு வாங்கும். கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நிற்பார்கள். முகக்கவசம் தாடைக்கு இறங்கும். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுபவர்களுக்குப் பின்னால் கூட்டம் தேங்கும். இளைக்க இளைக்க விடும் மூச்சில் கிருமியும் கூடுதலாக வெளிவரும். ஆகவே, ஓய்வெடுக்கும்போது கூட்டத்தை விட்டு விலகி உட்காருவதே முதல் பாதுகாப்பு.

அதைவிடப் பெரிய ஆபத்து, நெருக்கியடித்து வரும் வேனிலும், அடைத்த கூடங்களிலும், வரிசைகளிலும் இருக்கிறது. 2020 ஜூலையில் கோயில் அர்ச்சகர்களும் ஊழியர்களும் பலர் தொற்றுக்கு ஆளானார்கள். 2021 செப்டம்பரில் தரிசனத்துக்குத் தடுப்பூசிச் சான்று அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று கட்டாயமானது.

வெயிலும் உடல்நிலையும்

திருமலை அமைந்துள்ள சேஷாசலம் வறண்ட இலையுதிர் காடு. கோடையில் இலை உதிர்ந்து மர நிழல் குறையும். திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். விடியற்காலையில் ஏறத் தொடங்கி, வெயில் உறைப்பதற்குள் மேலே சேர்ந்துவிட வேண்டும். குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கொரோனா சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியது. நோயிலிருந்து மீண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

மற்ற மலைகள்?

தலக்கோனா அருவிக்கும் நாகலாபுரம் மலைக்கும் சென்னையிலிருந்து ஒருநாள் நடைக்கு வருபவர்கள் அதிகம். அங்கே பாறை வழுக்கி ஒருவர் காலை முறித்துக்கொண்டால், திருப்பதி மருத்துவமனைகளில் ஒன்றுக்குத் தூக்கி வர வேண்டியிருக்கலாம். அந்த மருத்துவமனைகள் பட்ட பாட்டை மறக்கலாகாது. 2021 மே 10 இரவு, திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வழங்கல் தடைப்பட்டு 11 கொரோனா நோயாளிகள் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் கவனக்குறைவாக மலையேறி அடிபடுபவர், மூச்சுக்குப் போராடும் இன்னொருவருக்கான படுக்கையையும் மருத்துவரின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்.

எனவே, புறப்படுமுன் தொற்று எண்ணிக்கையோடு உள்ளூர் மருத்துவமனைகளின் நிலையையும் பாருங்கள். படுக்கைகள் நிரம்பியிருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். நிலைமை தணிந்திருந்தால் வீட்டாரோடு மட்டும், கூட்டமில்லாத நாளில், தெரிந்த பாதையில் ஏறுங்கள்.