மாதோட்டமும் மாத்தளையும்

கடலைக் காணாத மாத்தளையிலிருந்து ஒருவர் துறைமுகப் பட்டினமொன்றின் வரலாற்றைப் பேச வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். மன்னார்த் துறையில் தொடங்கிய பாதையொன்று வந்து முடிந்த இடம் எங்கள் ஊர். அதனாலேயே பேசுகிறேன்.

மன்னாரின் பழம்பெருமை பலரும் அறிந்ததே. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருந்த மாதோட்டம், அநுராதபுர அரசின் கடல்வாயிலாக விளங்கியது. சம்பந்தரும் சுந்தரரும் அங்குள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடினர். 1980களில் மாந்தையில் நிகழ்ந்த அகழாய்வில் சீன, பாரசீக மட்பாண்ட ஓடுகள் வெளிப்பட்டன. 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் மன்னாரைக் கைக்கொண்டனர். முத்துக்குளிப்பைக் கவனிக்க வரும்போது தங்குவதற்கென ஆளுநர் நோர்த் அரிப்புக் கரையில் மாளிகை எழுப்பினார். அரசர், கோட்டை, முத்து என்று வரலாறு பெரும்பாலும் இவர்களோடு நின்றுவிடுகிறது.

ஆனால், அந்தக் கரையில் வேறொரு கூட்டமும் இறங்கியது. கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் பரவிய 19ஆம் நூற்றாண்டில், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர் தோணிகளில் பாக்குநீரிணையைக் கடந்து தலைமன்னார், மன்னார்ப் பகுதிகளில் இறங்கினர். அங்கிருந்து கங்காணியின் பின்னே கால்நடைப் பயணம். மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து மாத்தளையை அடைந்தனர். குடிநீர் அரிதான காடு. வாந்திபேதியும் காய்ச்சலும் உடன் வந்தன. வழியில் விழுந்தோர் வழியிலேயே விடப்பட்டனர். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. எஞ்சியோர் மாத்தளையிலிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். மாதோட்டத்தின் பக்கம் இறங்கியவர்களுக்குத் 'தோட்டம்' என்ற சொல்லே பின்னர் முகவரியாயிற்று.

இங்கே 'துறை' என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். நீரில் இறங்கும் இடமும் துறை. நீரிலிருந்து கரையேறும் இடமும் துறை. வருவோருக்கும் போவோருக்கும் அது ஒரே வாயில். வகுப்பில் நெய்தல் திணையைக் கற்பிக்கும்போது, அதன் உரிப்பொருள் இரங்கல் என்று மாணவருக்குச் சொல்கிறேன். பிரிந்தவரை எண்ணிக் கடற்கரையில் வருந்துவது என விளக்கமும் தருகிறேன். மலையகப் பிள்ளைகளுக்கு அதை விளக்க இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியதில்லை என்பதைச் சில ஆண்டுகளாக உணர்ந்து வருகிறேன். அவர்களுடைய பூட்டனும் பூட்டியும் இறங்கிய துறையே இரங்கிய துறையுமாகும்.

1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவையும் வந்தன. நடைப்பயணம் பழங்கதையாயிற்று. ஐம்பது ஆண்டுகளின் பின் அதே வாயில் எதிர்த்திசையில் திறந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற அந்தப் புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதிக்கு இப்பெயரையே சூட்டினார். நெய்தலின் இரங்கலை இருசொற்களில் அடக்கிய இத்தொடர், ஏட்டறிவு வாய்க்காத மக்களின் வாயில் பிறந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

மன்னார்த் துறையின் வரலாற்றில் ஒரு பாதி இவ்வாறு மலையில் கிடக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டிய நாட்டார் பாடல்களிலும், கண்டிச் சீமை, கங்காணி, துண்டு, லயம் எனும் சொற்களிலும், முதியோரின் நினைவுகளிலும் அது இருக்கிறது. கோட்டையின் கல் இன்னும் பலகாலம் நிற்கும். முதியோரின் நினைவு அவ்வாறு நிற்பதில்லை. எனவே, என் மாணவரிடம் கட்டுரைப் பயிற்சியாக நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டு மூத்தவரிடம், நம்மவர் எத்துறையில் இறங்கினர், யார் யார் திரும்பிக் கப்பலேறினர் என்று கேட்டு, அவர் சொல்லிலேயே எழுதிவாருங்கள்.

2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அப்பழைய பாதையில் பலர் நடந்தனர். ஜூலை 28ஆந் திகதி புறப்பட்ட அந்நடை ஓகஸ்ட் 12இல் எங்கள் ஊரில் நிறைவுற்றது. துறைமுகத்தின் வரலாற்றை அதன் கரையோடு முடித்துவிட இயலாது என்பதை அந்தக் கால்கள் எடுத்துரைத்தன. நடந்தவர்கள் சொன்னதை இனி எழுதுபவர்கள் சொல்ல வேண்டும்.