மூன்றாவது வந்தவனின் ஒரு புள்ளி



எங்கள் தோட்டப் பள்ளியில் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். சென்ற ஆண்டு 100 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்றாவதாக வந்தான். பரிசு வாங்க அழைத்தோம், ஆளைக் காணோம். தேடிப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறான்.

"உன் இல்லத்துக்குப் புள்ளி கிடைச்சிருக்கேப்பா, ஏன் அழறே?" என்றேன்.

"ஒரு புள்ளிதானே சார். அத வச்சி என்னா பண்றது?" என்றான்.

அவனுக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மோட்டார் என்றால் உயிரை விடுகிற பையன் அவன். ஆகவே அடுத்த வாரம் வகுப்பில் ஒரு மோட்டார் கதையைச் சொன்னேன். அதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். நான் நேரில் கண்டதல்ல. படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்தது.

பிரேக் இல்லாத வண்டி

ஸ்பீட்வே என்பது மண் தடத்தில் நடக்கும் மோட்டார் பந்தயம். முட்டை வடிவத் தடம். மேலே பொடிக்கல் மண். ஓர் ஓட்டத்தில் நான்கே பேர், நான்கே சுற்று. ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். வண்டி 500 சிசி. ஒரே சிலிண்டர், ஒரே கியர். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் பிரேக் கிடையாது! ஆம், மறதியால் விட்டதல்ல, வேண்டுமென்றே வைக்காதது. முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் கதி என்னவாகும்?

அப்படியானால் வளைவில் எப்படித் திரும்புவது? தடம் எப்போதும் இடப்பக்கமே வளையும். ஓட்டுநர் இடது காலை மண்ணில் ஊன்றுவார். அந்தச் சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு இருக்கும். பின்சக்கரம் வெளிப்பக்கமாகச் சறுக்கும்; முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கும்; வண்டியோ இடப்பக்கம் போகும். மழைக்காலத்தில் செம்மண் சாலையில் வண்டி ஓட்டிய நம் தோட்டத்து மக்களுக்கு, பின்சக்கரம் சறுக்கும்போது அடிவயிறு என்ன பாடுபடும் என்று தெரியும். இவர்கள் அந்தச் சறுக்கலையே வித்தையாக்கிக்கொண்டவர்கள். எஞ்சினுக்கு அந்நாளில் ஊற்றியது ஆமணக்கு எண்ணெய் கலந்த மசகெண்ணெய். நம் பாட்டிமார் வயிறு சுத்தமாகக் கொடுப்பார்களே, அதே விளக்கெண்ணெய்தான்! அது எரியும் வாசனையை ரசிகர்கள் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லையாம்.

இந்த விளையாட்டின் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1923 டிசம்பர் 15. ஆஸ்திரேலியாவில் மெயிட்லண்ட் ஊரின் வேளாண் காட்சித் திடலில், ஜானி ஹாஸ்கின்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் இரவு விளக்கொளியில் நடத்திய பந்தயம் அது. 1928-இல் அது இங்கிலாந்தில் வேரூன்றியது. பின்னாளில் ஹாஸ்கின்ஸும் லண்டன் வந்து, 1930-களில் வெஸ்ட் ஹாம் அணியை நடத்தினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் வருவார்.

மேல்வகுப்பும் கீழ்வகுப்பும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ஸ்பீட்வேக்குப் பெருங்கூட்டம் கூடியது. பிறகு தொலைக்காட்சி வந்தது, கேளிக்கை வரி அழுத்தியது, கூட்டம் கரைந்தது. 1964-இல் மேல்நிலையான நேஷனல் லீகில் மிஞ்சியவை ஏழே அணிகள். ஏழு அணிகள் திரும்பத் திரும்பத் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டால் யார்தான் டிக்கெட் வாங்குவார்கள்?

அதே வேளையில், 1960-இல் தொடங்கிய புரோவின்ஷியல் லீக் சிற்றூர்களில் நன்றாக வளர்ந்து வந்தது. மேல் லீகுக்கு ஆள் தேவைப்பட்டது. கீழ் லீகில் 1963-இல் வென்ற வுல்வர்ஹாம்டன் அணியைத் தங்களிடம் அனுப்பச் சொன்னார்கள். "எங்கள் சிறந்த அணியைக் கொடுத்துவிட்டு நாங்கள் என்ன செய்வது?" என்று கீழ் லீக் மறுத்தது. 1964-இல் அது உரிமம் இல்லாமலே பந்தயம் நடத்தியது. அதன் ஓட்டுநர்களுக்கு உலகப் போட்டியின் கதவு அடைபட்டது.

அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் ஐவன் மேஜர். மேஜர் என்பது குடும்பப் பெயர். இராணுவப் பதவி அல்ல. நியூசிலாந்திலிருந்து 1957-இல் 17 வயதில் இங்கிலாந்து வந்தவர். அந்த முறை சோபிக்காமல் ஊர் திரும்பினார். 1963-இல் மீண்டும் வந்து, கீழ் லீகின் நியூகாசல் அணியில் சேர்ந்தார். 1964-இல் அந்த லீகையே நியூகாசல்தான் வென்றது. ஆனால் அவர்மீது விழுந்த முத்திரையோ "கீழ்வகுப்பு".

இறுதியில் ஷாகிராஸ் பிரபுவின் தலைமையில் விசாரணை நடந்தது. முடிவு: மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்; எல்லாரும் ஒரே லீகில் ஓடட்டும்! 1965-இல் பிரிட்டிஷ் லீக் பிறந்தது. தெற்கே எக்ஸிட்டர் முதல் வடக்கே எடின்பரோ வரை 18 அணிகள்.

306 பந்தயங்கள்

ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளுடன் சொந்தத் தடத்தில் ஒருமுறை, எதிரியின் தடத்தில் ஒருமுறை மோத வேண்டும். ஆக ஓர் அணிக்கு 34 பந்தயங்கள். லீக் முழுமைக்கும் 306. ஒரு பந்தயத்துக்கு 13 ஓட்டம். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 4,000 ஓட்டங்கள்! வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை இதே வேலைதான்.

ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி இரவு. நியூகாசலில் திங்கள், வெஸ்ட் ஹாமில் செவ்வாய், பூலில் புதன், கவென்ட்ரியில் சனி. ஓட்டுநர்கள் காரின் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எடின்பரோவிலிருந்து எக்ஸிட்டர் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பும் தூரம். பல மணி நேரம் ஓட்டிப் போய், இரவில் நான்கைந்து முறை தடத்தில் இறங்கிவிட்டு, விடியும் முன் வீடு திரும்ப வேண்டும்.

சரி, புள்ளிக் கணக்குக்கு வருவோம். இதுதான் என் மாணவனுக்கான பதில்.

அணிக்கு ஏழு பேர். ஓர் ஓட்டத்தில் அணிக்கு இருவர். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீலத் தலைக்கவசம். விருந்தாளிகளுக்கு வெள்ளை, மஞ்சள். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்குச் சுழியம். இப்போது பாருங்கள். உங்கள் அணியின் சூரர் முதலாவதாக வருகிறார், துணைவர் கடைசி. எதிரணி இரண்டாவதும் மூன்றாவதும். கணக்கு 3-க்கு 3. சூரர் வென்றும் அணிக்கு இலாபம் இல்லை! அந்தத் துணைவர் மட்டும் ஒருவரைப் பிந்தவைத்து மூன்றாவதாக வந்திருந்தால் 4-க்கு 2. ஒரு பந்தயத்தில் மொத்தம் 78 புள்ளிகள். 40 எடுத்தால் வெற்றி, 39 எடுத்தால் சமநிலை. 39-க்கும் 40-க்கும் இடையே நிற்பது யார்? மூன்றாவது வந்தவன்தான்!

ஆகவே நல்ல ஓட்டுநர் முந்திக்கொண்டு ஓடிவிடுவதில்லை. தலையைத் திருப்பித் துணைவன் எங்கே என்று பார்ப்பார். வேகத்தைக் குறைத்து, எதிரிக்கு வழி விடாமல் தடத்தை அடைத்து, துணைவனையும் தம்மோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வருவார். கூலியும் புள்ளிக் கணக்கில்தான். பால் எடைக்குத் தகுந்த கூலி வாங்கிய நம் மக்களுக்கு இது புரியும். தன் அணிக்காரனுக்கு அடுத்தபடியாக வந்தவனுக்கு ஒரு புள்ளி போனஸ் எழுதுவார்கள். தோழனை முந்தவேண்டிய அவசியம் இல்லை. அவனுக்குப் பின்னால் காவலாக வந்ததற்கும் மதிப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

வென்றது யார்?

அந்த முதல் ஆண்டில் பட்டத்தை வென்றது வெஸ்ட் ஹாம். தலைவர் ஸ்காட்லாந்துக்காரரான கென் மெக்கின்லே. உடன் நார்வே நாட்டு ஸ்வெர்ரே ஹார்ஃபெல்ட், இளைஞர் மால்கம் சிம்மன்ஸ் முதலியோர். லீகோடு நாக்அவுட் கோப்பையும் அவர்களுக்கே. அவர்களுடைய அரங்கம் கிழக்கு லண்டனில், துறைமுகத்தை ஒட்டிய கஸ்டம் ஹவுஸ் என்ற தொழிலாளர் வட்டாரத்தில் இருந்தது.

"பார்த்தீர்களா, மேல்வகுப்புதானே வென்றது?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். 1966-இல் வென்றது ஹாலிஃபாக்ஸ். 1969-இல் பூல். 1974-இல் எக்ஸிட்டர். மூன்றும் 1964-இல் மேல் லீகில் இல்லாத ஊர்கள்! வலுவிழந்த அணிக்கு நல்ல ஓட்டுநரை ஒதுக்கிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அந்த லீக் செய்துவைத்திருந்தது. இதனால் மனத்தாங்கல்கள் எழாமல் இல்லை. ஆயினும், பின்தங்கியவனைத் தனி வகுப்பில் ஒதுக்கிவைக்காமல் நல்ல ஓட்டக்காரனோடு சேர்த்து ஓடவிட்டால் அவனும் ஓடுவான் என்பதை அது மெய்ப்பித்தது. நியூகாசலின் அந்த ஐவன் மேஜர் என்ன ஆனார்? 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று முறை உலக வெற்றியாளர். பின்னர் 1972, 1977, 1979. ஆக ஆறு முறை!

வெஸ்ட் ஹாமின் கதை அவ்வளவு இனிமையாக முடியவில்லை. 1970 ஜூலையில் அந்த அணியின் பெயரில் ஐரோப்பா சென்று பந்தயம் முடித்துத் திரும்பிய குழுவின் வேன், பெல்ஜியத்தில் லோகெரன் என்ற இடத்தில் விபத்துக்குள்ளானது. மேலாளர் ஃபில் பிஷப்பும் ஓட்டுநர்கள் சிலரும் மாண்டனர். பிரேக் இல்லாத வண்டியில் பிழைத்தவர்களைப் பொதுச்சாலை கொண்டுபோயிற்று. இதைப் படிக்கும் இளைஞர்கள், இரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடும் முன் ஒரு நிமிடம் இதை எண்ணிப் பார்க்கட்டும். 1972-இல் அரங்கமும் மூடப்பட்டு, அந்த இடத்தில் வீடுகள் எழுந்தன.

ஆனால் அந்தக் குடியிருப்பின் தெருப் பெயர்களைப் பாருங்கள். 1938-இன் உலக வெற்றியாளர் வில்கின்சன் பெயரில் ஒரு தெரு. மேஜரைப் போல ஆறு உலகப் பட்டம் என்ன, ஓர் உலகப் பட்டமும் பெறாத டாமி குரூம்ப்ஸ் பெயரிலும் ஒரு தெரு. வேளாண் காட்சித் திடலில் தொடங்கிவைத்த நம் ஹாஸ்கின்ஸ் பெயரிலும் ஒன்று. வென்றவரையும் உடன் ஓடியவரையும் நடத்தியவரையும் அந்த மக்கள் ஒன்றாகவே எழுதிவைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் என் மாணவன் ஒன்றும் பேசவில்லை. இந்த ஆண்டும் ஓடினான். இந்த ஆண்டும் மூன்றாவதுதான். ஆனால் பெயரை அழைத்ததும் மேடைக்கு வந்து பரிசை வாங்கிக்கொண்டான். பிறகு நேரே புள்ளி எழுதும் மேசைக்குப் போய், தன் இல்லத்தின் கணக்கில் அந்த ஒரு புள்ளி ஏறுகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மூன்றாவது வந்த பிள்ளை இருக்கலாம். "முதல் பரிசு எங்கே?" என்று கேட்கும் முன், அவன் கொண்டுவந்த ஒரு புள்ளியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.