செபு நகரத்து அப்பாக்கள்

அப்பா வீட்டின் தூண், அம்மா வீட்டின் விளக்கு. பிலிப்பைன்ஸில் பிள்ளைகள் கேட்டு வளரும் பேச்சு இது. தண்ணீர் சுமப்பதும் விறகு பிளப்பதும் பெரும்பாலும் பையனுக்கு. பாத்திரம் துலக்குவதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பெண்ணுக்கு. இதே நாடுதான் 1986இல் கொரசோன் அகினோவையும் 2001இல் குளோரியா அரோயோவையும் அதிபராக்கியது. படிப்பிலும் பையன்களைவிடப் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். ஆனால் அடுப்படி அவ்வளவு சுலபமாகக் கைமாறுவதில்லை.

ஹாங்காங், சிங்கப்பூர், சவூதி என்று இந்நாட்டின் லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அம்மா சம்பாதித்து அனுப்பும் வீட்டில் பொறுப்புகள் இடம் மாறியிருக்க வேண்டுமல்லவா? சமூகவியலாளர் ரேசல் பரேன்யாஸ் அந்த வீடுகளின் பிள்ளைகளிடம் பேசி, 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்படி, அம்மா விட்டுச் சென்ற வேலை பெரும்பாலும் அப்பாவிடம் போகவில்லை. மூத்த மகள், சித்தி, பாட்டி தலையில் விழுந்தது. அப்பா வெளிநாட்டில் இருந்தால் பணம் வந்தாலே பிள்ளைகளுக்குப் போதும். அம்மா என்றால் பணத்தோடு தாயின் பராமரிப்பும் தொலைவிலிருந்தே வந்தாக வேண்டும்.

'ஆணின் உடம்பு குழந்தை வளர்க்கப் பிறந்ததல்ல' என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அதே நாட்டின் செபு நகரத்திலிருந்து வந்த பதில் வியப்பானது.

அங்கே 1983-84இல், குழந்தைகளுக்கு எப்படிப் பாலூட்டுகிறார்கள் என்று அறிய ஓர் ஆய்வு தொடங்கியது. அப்போது பிறந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதின்வயது தாண்டியும் ஆய்வாளர்கள் தொடர்ந்தார்கள். அவர்களில் 624 ஆண்களின் உமிழ்நீரை, கண் விழித்ததும் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை எடுத்து, அதில் ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனை அளந்தார்கள். முதல் அளவு 2005இல், சுமார் 21 வயதில். அடுத்தது 2009இல்.

தொடக்கத்தில் இந்தச் சுரப்பு அதிகம் இருந்தவர்களுக்கே பின்னாளில் துணை தேடித் தகப்பன்மார் ஆகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் தகப்பனானதும் அது, மணமாகாதவர்களுக்குக் குறைந்ததைவிட வெகுவாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்த அப்பாக்களிடம், அறவே கவனிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. துணை தேடும் பருவத்துக்கு ஒரு நிலை, பிள்ளை வளர்க்கும் பருவத்துக்கு இன்னொரு நிலை என உடலே தன்னை மாற்றிக்கொள்கிறது. 2011இல் இந்த ஆய்வு முடிவு வெளியானது.

ஆண் உடலுக்குள் பிள்ளை வளர்ப்புக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு இடம் கொடுப்பதா இல்லையா என்பதைப் பழக்கம் முடிவுசெய்கிறது. அந்தப் பழக்கம் சிறுவயதிலேயே படியத் தொடங்குகிறது. ஆகவே தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வேலையை அக்காவுக்கு மட்டும் ஒதுக்காமல் அண்ணனுக்கும் கொடுக்க வேண்டும். அவனுக்கும் அது கைவரும்.