பழைய வரி பாக்கி நிலத்தைத் தொடும். 'சமாதானம்' வரும்வரை காத்திருக்கலாமா?

வேடசந்தூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா 2009-ல் தோட்டத்து ஓரமாக ஒரு சின்ன எண்ணெய் மில் போட்டார். வணிகவரித் துறையில் பதிவு எண்ணும் வாங்கினார். நான்கு வருடம் ஓட்டிப் பார்த்தார். கட்டுப்படி ஆகவில்லை. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டுப் பழையபடி வெள்ளாமைக்கே திரும்பிவிட்டார். மில்லைத்தான் மூடினார்; பதிவு எண்ணை ரத்து செய்யவில்லை, கடைசிக் கணக்கும் கொடுக்கவில்லை. துறை தானாக ஒரு கணக்குப் போட்டு வரி, வட்டி, அபராதம் என்று உத்தரவு அனுப்பியது. அது பூட்டிக் கிடந்த மில் முகவரிக்குப் போனது. அப்பாவும் காலமாகிவிட்டார். இன்று அண்ணன் தம்பிகள் பாகப் பிரிவினைக்காக வில்லங்கச் சான்று போட்டால், மில்லே இல்லாத அந்த நாலு ஏக்கர் மீது ஜப்தி என்று நிற்கிறது.

இது உதாரணத்துக்காகச் சொன்ன கதை. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு படியும் நடக்கக்கூடியது. வரி பாக்கியை நிலவரி பாக்கி போலவே வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1864-ம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கட்ட வேண்டியவர் இறந்துவிட்டாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பாவார்கள். 'நமக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒதுங்கிப் போக முடியாதது இதனால்தான்.

வெள்ளாமைக்கு வரி இல்லை. பிறகு எங்கே வருகிறது?

நிலத்தில் விளைந்ததை விற்று வரும் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. சொந்தச் சாகுபடியில் விளைந்த பொருளை விற்பதற்கு ஜி.எஸ்.டி. பதிவும் தேவையில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிப் போகிறவரும், நிலக்கோட்டையில் மல்லிகை பறித்துக் கொடுக்கிறவரும் இதற்காகப் பயப்பட வேண்டாம். பருத்தி, புகையிலை இலை போன்றவற்றை விவசாயியிடம் வாங்கும்போதும், அதற்கான ஜி.எஸ்.டி.யை வாங்குகிற பதிவுபெற்ற வியாபாரிதான் கட்ட வேண்டும். உங்கள் தொகையில் அதைப் பிடித்தால், எதற்கு என்று கேளுங்கள்.

சிக்கல் வருவது விவசாயத்தோடு ஒட்டிய தொழிலில். எண்ணெய் ஆட்டிப் பாட்டிலில் விற்பது, அரிசி, வெல்லத்தைப் பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டி விற்பது, உரம், பூச்சிமருந்துக் கடை, கயிறு ஆலை, வீடு, ரோடு வேலைக்கு ஜே.சி.பி. வாடகைக்கு விடுவது எல்லாம் வரி வளையத்துக்குள் வரக்கூடியவை. தமிழ்நாட்டில் பொருள் விற்பனை ஆண்டுக்கு ரூ.40 லட்சத்தையும், சேவை என்றால் ரூ.20 லட்சத்தையும் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

வங்கிக் கடனுக்காகவோ, மானியத்துக்காகவோ தேவையில்லாமலே பதிவு எடுத்தவர்கள் நிறையப் பேர். எடுத்த பிறகு, ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் 'நில்' கணக்கு கொடுத்தே ஆக வேண்டும். தாமதக் கட்டணம் நாள் ஒன்றுக்கு ரூ.20, வரி கட்ட வேண்டிய கணக்காக இருந்தால் ரூ.50. ஒவ்வொரு கணக்குக்கும் இது தனித்தனியாக ஏறும்.

'சமாதானம்' எப்படி நடந்தது?

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன்பு விற்பனை வரி, 2007 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரி என்று இருந்தன. அந்தக் காலத்து பாக்கிகள் மட்டும் சுமார் ரூ.25 ஆயிரம் கோடிக்குத் தேங்கிக் கிடந்தன. அவற்றைத் தீர்க்க, 2023 அக்டோபர் 10-ல் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சமாதானத் திட்டத்தை அறிவித்தார். அக்டோபர் 16 முதல் 2024 பிப்ரவரி 15 வரை நான்கு மாதம் என்று அறிவிக்கப்பட்டது.

சிறு வியாபாரிகளுக்கு அதில் பெரிய நிம்மதி இருந்தது. ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து ரூ.50 ஆயிரத்துக்குள் பாக்கி என்றால் முழுவதும் தள்ளுபடி. இதனால் 95,502 சிறு வணிகர்கள் பயன்பெறுவார்கள் என்று அரசு சொன்னது. ரூ.50 ஆயிரத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரை பாக்கி உள்ளவர்கள், மொத்தத்தில் 20 சதவீதம் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும் வழியும் இருந்தது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு, தொகை கூடக் கூடச் சலுகை குறைந்தது.

மேலே சொன்ன எண்ணெய் மில் குடும்பத்தின் பாக்கி ரூ.2 லட்சம் என்றால், ரூ.40 ஆயிரத்தோடு அன்றே தீர்ந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு பாக்கி இருப்பதே தெரியாது. இப்படிப்பட்ட திட்டங்கள் நம்மவர்களுக்குக் கைநழுவிப் போவது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல, தகவல் இல்லாததால்தான்.

ஜி.எஸ்.டி.யிலும் வந்தது, போனது

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் எல்லோருமே தடுமாறினார்கள். அதை மனதில் வைத்து, 2017-18, 2018-19, 2019-20 ஆகிய மூன்று ஆண்டு பாக்கிகளுக்கு மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்தது. ஜி.எஸ்.டி. சட்டத்தில் 128-ஏ என்ற புதிய பிரிவு 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரியை மட்டும் 2025 மார்ச் 31-க்குள் முழுதாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. விண்ணப்பிக்க ஜூன் 30 வரை நேரம் இருந்தது.

மாநிலச் சமாதானத் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இதில் அசல் வரியில் ஒரு பைசா குறையவில்லை. மோசடி என்று முடிவு செய்யப்பட்டவர்களுக்கு இது பொருந்தவில்லை. மேல்முறையீடு செய்திருந்தால் அதைத் திரும்பப் பெற வேண்டும். முன்னாலேயே வட்டி கட்டியவர்களுக்குப் பணம் திரும்பவும் கிடைக்கவில்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு

நீங்கள் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநரா? இரண்டு பக்கமும் கவனம் தேவை. ஒன்று ஜி.எஸ்.டி. மற்றொன்று கம்பெனிச் சட்டம். ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யத் தவறினால், ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம். ஒரு வருடம் விட்டால் ஒரு படிவத்துக்கு மட்டும் ரூ.36,500. ஆயிரம் விவசாயிகளிடம் பங்குத் தொகை வாங்கித் தொடங்கிய நிறுவனத்தின் முதல் இப்படிக் கரையக் கூடாது. 2020-ல் கொரோனா காலத்தில் இந்தக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மத்திய அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அது அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடிந்தது.

டவுனுக்குப் பக்கத்தில் நிலம் விற்றவர்களுக்கு

கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் எது கிராமப்புறம் என்பதற்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. நகராட்சியின் மக்கள் தொகை 10 ஆயிரத்துக்கு மேல் 1 லட்சம் வரை என்றால், அதன் எல்லையிலிருந்து 2 கி.மீ.; 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கி.மீ. இதற்குள் இருக்கும் நிலம் வரிக்கு உட்படும். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல்லின் மக்கள் தொகை 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எனவே இங்கே 6 கி.மீ. கணக்கு. பழனி, ஒட்டன்சத்திரத்துக்கு 2 கி.மீ. ரோட்டு வழியாக அல்ல, நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

மனை போடுகிறவர்களுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, 'வெள்ளாமை நிலம்தானே' என்று இருந்துவிட்டால், சில வருடம் கழித்து நோட்டீஸ் வரலாம். வருமான வரி வழக்குகளுக்கு 'விவாத் சே விஷ்வாஸ்' திட்டம் 2024 அக்டோபரில் இரண்டாவது முறையாக வந்து, 2025 ஏப்ரல் 30-ல் விண்ணப்பம் முடிந்தது. மேல்முறையீட்டில் நிலுவையில் இருந்த வழக்குகளுக்கு மட்டுமே அது பயன்பட்டது. நோட்டீஸுக்குப் பதிலே சொல்லாமல் இருந்தவர்களுக்கு அதிலும் இடமில்லை.

அடுத்த திட்டத்துக்குக் காத்திருக்கலாமா?

இது நமக்குப் பழக்கப்பட்ட கேள்விதான். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடி தள்ளுபடி ஆனபோது, நகையை அடகு வைத்து அதற்கு முந்தைய மாதம் கடனைக் கட்டியவர் என்ன நினைத்திருப்பார்? ஒழுங்காகக் கட்டியவனுக்கு எதுவும் இல்லையா என்ற ஆதங்கம் நியாயமானது. வரிச் சமாதானத்திலும் அதே ஆதங்கம் உண்டு.

ஆனாலும் காத்திருப்பவருக்கும் செலவு இருக்கிறது. ஜி.எஸ்.டி. பாக்கிக்கு ஆண்டு வட்டி 18 சதவீதம். ரூ.1 லட்சம் வரியை ஐந்து வருடம் கட்டாமல் விட்டால் வட்டி மட்டும் ரூ.90 ஆயிரம். அதற்குள் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம், நிலம் ஜப்தியாகலாம். அடுத்த திட்டம் எப்போது வரும், எந்த ஆண்டுக்கு வரும், அசலைக் குறைக்குமா வட்டியை மட்டும் குறைக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வராத மழையை நம்பி நாற்று விடுவது போலத்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை

* குடும்பத்தில் யார் பெயரிலாவது பழைய வணிகவரிப் பதிவோ, ஜி.எஸ்.டி. பதிவோ இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், திண்டுக்கல் வணிகவரி அலுவலகத்தில் பாக்கி நிலவரத்தை எழுத்துமூலம் கேளுங்கள்.

* நிலம் வாங்கும் முன் வில்லங்கச் சான்றோடு நிறுத்தாதீர்கள். விற்பவர் மில், கடை நடத்தியவரா என்றும் விசாரியுங்கள்.

* தொழிலை நிறுத்தினால் பதிவையும் ரத்து செய்யுங்கள். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

* பங்காளிகளோடு கூட்டுத் தொழில் செய்து விலகினால், ஒரு மாதத்துக்குள் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் தெரிவிக்கும் நாள் வரையிலான பாக்கிக்கு நீங்களும் பொறுப்பு.

* ஜி.எஸ்.டி. நோட்டீஸ்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் வரும். பதிவில் இருப்பது கணக்கு எழுதுபவரின் செல்போன் எண்ணா, உங்கள் எண்ணா என்று பாருங்கள்.

* தவறை நீங்களே கண்டுபிடித்து, நோட்டீஸ் வரும் முன் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை; இது வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கு. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் கட்டினாலும் அபராதம் இல்லை.

* உத்தரவு தவறு என்று நினைத்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

* ஒரே தவணையில் கட்ட முடியாவிட்டால், 24 மாதத் தவணை வரை கேட்டு விண்ணப்பிக்கலாம். நீங்களே கணக்கில் காட்டிக் கட்டாமல் விட்ட வரிக்கு இது பொருந்தாது.

வேளாண் அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்புக் கூட்டல் பயிற்சி கொடுக்கும்போது, இயந்திரம், மானியம், சந்தை என்று சொல்லித் தருகிறீர்கள். பதிவு எப்போது தேவை, தொழிலை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

மில் வைப்பதும் மூடுவதும் தொழிலில் சகஜம். ஆனால் மூடியதைக் காகிதத்திலும் மூடிவிடுங்கள். வீட்டில் பழைய பீரோவில் துறையின் முத்திரை போட்ட கவர் ஏதாவது பிரிக்காமல் கிடக்கிறதா? இந்த வாரமே எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.